ரெப்ரி எங்கே போனார்?

காற்பந்துத் திடலில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் நாமெல்லாம் அந்த இருபத்திரண்டு பேரைத்தான் பார்க்கிறோம். இருபத்து மூன்றாவதாக ஒருவர் ஓடுகிறாரே, அவரை எப்போது பார்க்கிறோம்? நமக்குப் பிடிக்காத மாதிரி ஊதும்போதுதான் பார்க்கிறோம்!

"என்னா ரெப்ரி, கண்ணு தெரியலையா?"

"அவனுங்ககிட்ட எவ்வளவு வாங்கின?"

"ஆட்டம் முடியட்டும், வெளியே வா, பாத்துக்கிறேன்!"

தோட்டத்துத் திடலானாலும் சரி, பட்டணத்துத் தாமான் திடலானாலும் சரி, இந்த வசனங்கள் மட்டும் மாறுவதில்லை. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். காற்பந்து நடுவரின் பிழைப்பு மத்தளத்தின் பிழைப்பு. சிவப்புச் சட்டைக்குப் பினால்டி கொடுத்தால் நீலச் சட்டை ஏசும். கொடுக்காவிட்டால் சிவப்புச் சட்டை ஏசும். ஆட்டம் முடிந்தால் வென்றவன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவான். தோற்றவன் நடுவரைத் திட்டிக்கொண்டு போவான்.

கோறனி நச்சில் உலகத்தைப் பூட்டி வைத்த 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்த மனிதர் என்ன ஆனார்? நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதினார்கள். ஆளில்லாத அரங்குகளைப் பற்றி எழுதினார்கள். பெரிய குழுக்கள் இழந்த கோடிக்கணக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சிறுவர் ஆட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கும் ஊதலைப் பிடித்துக்கொண்டு ஓடியவரைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுவோம். காரணம் இருக்கிறது. அவர் போய்விட்டால் நம் பிள்ளைகளின் ஆட்டமும் அவரோடு போய்விடும்.

அவரும் நம்மில் ஒருவர்

தொலைக்காட்சியில் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஓடும் பெரிய நடுவர்களை நான் இங்கே சொல்லவில்லை. அவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். உலகம் முழுவதும் நடக்கும் காற்பந்து ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தி வைப்பவர் ஒரு சாதாரண உழைப்பாளி. வார நாட்களில் லோரி ஓட்டுவார், அல்லது தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பார், அல்லது பள்ளியில் பாடம் நடத்துவார். சனி ஞாயிறு வந்தால் கறுப்புச் சட்டையை எடுத்து மாட்டுவார்.

அவர் சும்மா வந்து ஊதிவிட்டுப் போவதில்லை. காற்பந்துக்குப் பதினேழு சட்டங்கள் உண்டு. அந்தப் பதினேழையும் படித்துத் தேர்வு எழுதி, ஓட்டச் சோதனையில் தேறி, சிறுவர் ஆட்டத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏற வேண்டும். கிடைக்கும் படிக்காசில் பெட்ரோல் போக வேண்டும், சப்பாத்து வாங்க வேண்டும், வெயிலில் காய்ந்த பிறகு ஒரு தண்ணீர் குடிக்க வேண்டும். மிச்சம் இருப்பது பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ வீட்டுச் சாமானுக்கோ போகும். கொஞ்சம் காசு, அதைவிட அதிகமாக ஆட்டத்தின் மேல் உள்ள ஆசை. இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரைத் திடலுக்கு இழுத்து வந்தன.

பந்து நின்ற நாள்

நம் நாட்டில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் முகக்கவசம் போட்டுக்கொண்டு குலை வெட்டும் வேலை நடந்தது. கோயில் கதவு சாத்தப்பட்டது. பள்ளி மூடப்பட்டது. திடலில் புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்தது.

மலேசிய லீக் ஆட்டங்கள் அதற்கு முன்பே, மார்ச் 16ஆம் நாளே நின்றுவிட்டன. ஆகஸ்டு 26ஆம் நாள் ரசிகர்கள் இல்லாமல் மறுபடி தொடங்கின. 1921ஆம் ஆண்டு முதல் பேர் பெற்ற மலேசியக் கிண்ணமும் அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய கையோடு கைவிடப்பட்டது. 2021 ஜனவரியில் மறுபடியும் கட்டுப்பாடு. ஜூன் முதல் நாள் முழு அடைப்பு. அப்போது மூடிய பள்ளிகள் அந்த ஆண்டு அக்டோபரில்தான் மறுபடி கட்டம் கட்டமாகத் திறந்தன. 2022 ஏப்ரல் முதல் நாள்தான் நாடு ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

பெரிய லீக்குக்கே இந்தக் கதி என்றால், தீபாவளிக் கிண்ணமும் மே தினக் கிண்ணமும் பள்ளிகளுக்கிடையிலான ஆட்டமும் என்ன ஆகியிருக்கும்? சொல்லவே வேண்டாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நம் திடல்களில் ஊதல் சத்தம் கேட்பதே அரிதாகிவிட்டது.

இந்தச் சங்கதி நமக்கு மட்டும் நடந்ததல்ல. காற்பந்து ஆடும் நாடு எல்லாவற்றிலும் நடந்தது. விவரமாகப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1863ஆம் ஆண்டில் காற்பந்துச் சங்கம் அமைத்து ஆட்டத்துக்குச் சட்டம் எழுதிய நாடு அது. பிரிமியர் லீக் பணக்கார ஆட்டமாக இருக்கலாம். ஆனால் லண்டனின் ஹாக்னி மார்ஷஸ் போன்ற பெரும் புல்வெளிகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடுகிறவர்கள் கொத்தனார்களும் பஸ் ஓட்டுநர்களும் கடைச் சிப்பந்திகளும்தான். அந்த வகையில் அவர்கள் திடலுக்கும் நம் திடலுக்கும் தூரம் அதிகம் இல்லை.

உதவிப் பணம் வந்தது, ஊதியவருக்கு வரவில்லை

அங்கே 2020 மார்ச் 13ஆம் நாள் பெரிய ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அதே மாதம் 26ஆம் நாள், அடித்தட்டுக் காற்பந்தின் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அறிவித்தது. ஜூலை நடுவில் அனுமதி கிடைத்துப் பந்து மெல்ல உருண்டது. நவம்பர் 5ஆம் நாள் மறுபடியும் அடைப்பு. டிசம்பரில் கொஞ்சம் திறந்தார்கள். 2021 ஜனவரியில் மறுபடியும் மூடினார்கள். மார்ச் 29ஆம் நாள்தான் வெளித்திடல் ஆட்டங்களுக்கு மூன்றாம் முறையாக வழி பிறந்தது. திற, மூடு, திற, மூடு! லயத்துக் கதவுகூட இப்படி ஆடியிருக்காது.

வேலைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு அந்நாட்டு அரசாங்கம் சம்பளத்தில் 80 விழுக்காடு கொடுத்தது. சுயதொழில் செய்கிறவர்களுக்கும் தனியாக ஓர் உதவித் திட்டம் இருந்தது. நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை. மொத்த வருமானத்தில் பாதிக்குக் குறையாமல் சுயதொழிலிலிருந்து வந்திருந்தால்தான் உதவி கிடைக்கும். வார நாட்களில் வேறு வேலை பார்த்து, வார இறுதியில் மூன்று நான்கு ஆட்டங்களுக்கு ஊதிச் சம்பாதித்தவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்? ஊதலில் வந்த காசு மொத்த வருமானத்தில் சிறு பகுதிதானே! அந்தக் காசு நின்றது நின்றதுதான்.

நம் நாட்டில் மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி கொடுத்தார்கள். அதுவும் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுத்த பணம். பால்வெட்டும் வேலையோடு மாலையில் மாடு வளர்ப்பவருக்கும், வார இறுதியில் கலியாணப் பந்தல் போடுபவருக்கும் இந்த வலி தெரியும். பக்க வருமானம் என்பது பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத வருமானம். அது போனாலும் யாருக்கும் தெரிவதில்லை. சமையல் கட்டில் மட்டும் தெரியும்.

இருமினால் சிவப்பு அட்டை

பந்து மறுபடி உருண்டபோது திடல் பழைய திடலாக இல்லை. கை குலுக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் வீட்டிலேயே உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை இன்னொருவர் தொடக்கூடாது. கோல் போட்டால் கட்டிப்பிடித்துக் கொண்டாடக் கூடாது. நடுவரைச் சூழ்ந்துகொண்டு வாதாடக் கூடாது. இவற்றை யார் கண்காணிப்பது? நடுவரைத் தவிர அங்கே வேறு யார் இருக்கிறார்!

2020 ஆகஸ்டில் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் நடுவர்களுக்குப் புதிய வழிகாட்டி ஒன்றைக் கொடுத்தது. எதிராளியின் முகத்துக்கோ நடுவரின் முகத்துக்கோ மிக அருகில் வந்து வேண்டுமென்றே இருமினால் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பலாம். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் நடுவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஓடிக் களைத்தவனுக்கு வந்த இருமலா, வம்புக்கு வந்த இருமலா என்று ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும்! நெஞ்சிலே கை வைத்துப் பார்த்தா சொல்ல முடியும்?

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஊதல் என்பது வாயில் வைத்து மூச்சைப் பலமாக வெளியே தள்ளும் கருவி. கோறனியோ மூச்சிலே பரவும் நோய். ஆகவே அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில், பொத்தானை அமுக்கினால் சத்தம் போடும் மின்சார ஊதலுக்கு அனுமதி கொடுத்தார்கள். வாயால் ஊதிப் பழகியவருக்குக் கையால் ஊதுவது சுலபமல்ல. தவற்றைப் பார்த்தவுடன் மூச்சு தானாக வெளியே வரும். விரலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கால் கனத்தது, சட்டம் மாறியது

இரண்டு ஆண்டுகள் சும்மா இருந்த கால் என்ன ஆகும்? அனைத்துலக நடுவர்களுக்கு ஓர் ஓட்டச் சோதனை உண்டு. 75 மீட்டர் வேகமாக ஓடி, 25 மீட்டர் நடக்க வேண்டும். இப்படி நாற்பது தடவை. மொத்தம் நான்கு கிலோமீட்டர். கீழ்ப்படியில் உள்ளவர்களுக்கு அளவு குறைவு என்றாலும் ஓட்டம் ஓட்டம்தான். வீட்டைச் சுற்றி நடந்து இதற்குத் தயாராக முடியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய மலையாகத் தெரிந்தது. அந்த வயதினர் கொஞ்சப் பேர் அல்ல. அமெரிக்காவில் எல்லா விளையாட்டுகளின் நடுவர்களையும் சேர்த்து 2017ஆம் ஆண்டில் எடுத்த ஒரு கணக்கில், 17,000க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். அவர்களின் சராசரி வயது 53. நச்சில் அதிகமாகப் பாதித்ததும் வயது கூடியவர்களைத்தானே! "போதும்டா சாமி, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று பெரியவர்கள் ஒதுங்கினால் அதில் என்ன தப்பு?

இதற்கிடையில் சட்டமும் மாறிக்கொண்டே இருந்தது. கையில் பந்து படும் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று 2020ஆம் ஆண்டுச் சட்டத்தில் கோடு போட்டார்கள். அக்குளின் அடிப்பாகம்தான் எல்லை. 2021ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றம். தற்செயலாக ஒருவன் கையில் பட்ட பந்தை அவன் தோழன் கோலாக்கினால் அது குற்றமில்லை என்றார்கள். முந்திய சட்டப்படி அப்படிப்பட்ட கோல் செல்லாமல் போயிருக்கும்.

நடுவர் வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தார். ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் படித்தார்களா? இல்லை. அவர்கள் மனத்தில் இருந்தது பழைய சட்டம். திடல் திறந்த முதல் வாரமே நடுவர் சரியாக ஊதினார். "தப்பா ஊதுறான்" என்று கூச்சல் எழுந்தது. சட்டம் தெரிந்தவன் ஒருவன், தெரியாதவர் நூறு பேர். வாதத்தில் யார் வெல்வது?

வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு

நோய் பயம், கால் கனம், காசு நட்டம் ஆகியவை நடுவர்களைக் குறைத்தன என்பது உண்மை. ஆனால் அவை மட்டும் காரணமல்ல. வாரா வாரம் திடலுக்குப் போகும்போது மனிதன் கணக்குப் பார்ப்பதில்லை. பழக்கம் இழுத்துக்கொண்டு போகும். போன வாரம் வாங்கிய ஏச்சு இந்த வார ஆட்டத்தில் மறந்துபோகும். நோய்க் காலம் அந்தப் பழக்கத்தை அறுத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்கள். மனைவி மக்களோடு பசியாறினார்கள். யாரும் அவர்கள் தாயைத் திட்டவில்லை. யாரும் காருக்குப் பக்கத்தில் காத்திருக்கவில்லை. அப்போதுதான் கணக்குப் போட்டார்கள்: "இந்தக் காசுக்காகவா இவ்வளவும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்?"

கணக்குப் போட்டவர்களில் பலர் திரும்பவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில், எல்லா ஆட்டங்களையும் சேர்த்து, 2018-19 பருவத்துக்கும் 2021-22 பருவத்துக்கும் இடையில் சுமார் 50,000 நடுவர்கள் விலகினார்கள் என்று அங்குள்ள தேசியச் சம்மேளனம் சொன்னது. ஜெர்மனியில் நடுவர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போனதைப் பார்த்து, 2023ஆம் ஆண்டை நடுவர் ஆண்டு என்று அந்நாட்டுக் காற்பந்துச் சம்மேளனம் அறிவித்தது. இருப்பவரைக் காப்பாற்ற ஓர் ஆண்டையே ஒதுக்க வேண்டிய நிலை!

திரும்பி வந்தவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது? அடைபட்டுக் கிடந்த ஆத்திரமெல்லாம் திடலில் வந்து கொட்டியது என்று பல நாட்டு நடுவர்களும் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலி இங்கிலாந்தின் அடித்தட்டு நடுவர்களைக் கேட்டது. 927 பேர் பதில் சொன்னார்கள். அவர்களில் 908 பேர் வாய்ச்சொல்லால் வதைபட்டவர்கள். 293 பேர் அடி, தள்ளு என்று உடம்பில் வாங்கியவர்கள். கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னவர்கள் 57 பேர். பொழுதுபோக்குக்கு ஆடும் ஆட்டத்துக்குக் கொலை மிரட்டல்!

பதினான்கு வயது நடுவர்

பெரியவர்கள் போனால் இளையவர்கள் வருவார்கள் என்று நினைக்கிறோம். அங்கேதான் பெரிய அடி விழுந்தது.

இங்கிலாந்தில் பதினான்கு வயதிலேயே ஒரு பையனோ பெண்ணோ நடுவராகலாம். முதலில் ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஊதக் கற்றுக்கொள்வார்கள். அங்கே தேறியவர்கள்தான் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய ஆட்டங்களுக்குப் போவார்கள். இது நாற்று போட்டு நடுவது மாதிரி. நோய்க் காலத்தில் பாடத்தை இணையத்தில் நடத்தினார்கள். சட்டம் படிக்கலாம், தேர்வும் எழுதலாம். ஆனால் எங்கே நிற்பது, எப்படி ஓடுவது, கத்துகிறவன் முகத்தைப் பார்த்து எப்படி அமைதியாகப் பேசுவது என்பதைத் திடலில்தான் கற்க முடியும். ஆட்டம் இல்லாமல் அதை எங்கே போய்க் கற்பது? பதினான்கு வயதில் தொடங்க வேண்டியவன் பதினாறு வயதில் பரீட்சை, வேலை, வேறு சிநேகம் என்று போய்விட்டான். அந்த இரண்டு ஆண்டு நாற்று நடப்படவே இல்லை. இதன் வெறுமை உடனே தெரியாது. மரம் நட்ட ஆண்டில் பால் கிடைக்காது. நடாமல் விட்ட ஆண்டின் நட்டம் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதையும் மீறி வந்த பிள்ளைகளை, தங்கள் மகன் ஆடுகிறான் என்ற வேகத்தில் பெற்றோரே ஏசினார்கள். ஏசப்பட்டவனும் ஒரு தாயின் மகன் என்பதை அந்த நேரத்தில் யார் நினைத்தார்? முதல் பருவத்திலேயே ஊதலைக் கழற்றி வைத்த பிள்ளைகள் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட நடுவர் சட்டத்தின் கண்ணில் ஒரு பிள்ளை. ஆடுகிற பிள்ளைக்கு உள்ள பாதுகாப்பு ஊதுகிற பிள்ளைக்கும் உண்டு.

ஆளில்லாத அரங்கு சொன்ன பாடம்

நோய்க் காலம் ஒரு நல்ல பாடத்தையும் சொல்லிக் கொடுத்தது. 2020 மே 16ஆம் நாள் ஜெர்மனியின் பெரிய லீக் ஆளில்லாத அரங்குகளில் மறுபடி தொடங்கியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பார்த்தார்கள். சாதாரண நாட்களில் வெளியூர்க் குழுவுக்கு மஞ்சள் அட்டை அதிகமாகக் காட்டப்படும். அரங்கு காலியாக இருந்தபோது அந்த வித்தியாசம் நன்றாகக் குறைந்தது. சொந்த ஊரில் ஆடும் குழுவின் அனுகூலமும் குறைந்தது.

இதன் பொருள் என்ன? சம்பளம் வாங்கி, பல ஆண்டு பயிற்சி பெற்ற நடுவரின் கையைக்கூட நம் கூச்சல் கொஞ்சம் அசைக்கிறது! நாம் கத்துவது நீதி கேட்டு அல்ல. அறிந்தோ அறியாமலோ நீதியை நம் பக்கம் வளைக்கத்தான் கத்துகிறோம். தேர்ந்த நடுவருக்கே இப்படி என்றால், பதினாறு வயதுப் பையனின் கதி என்ன?

அவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 2023 பிப்ரவரியில் நடுவர்களின் நெஞ்சில் சிறு கேமராவை மாட்டிச் சோதனை செய்தார்கள். மிடில்ஸ்பரோவில் தொடங்கி லிவர்பூல், வூஸ்டர், எசெக்ஸ் ஆகிய வட்டாரங்களில், பெரியவர்களின் அடித்தட்டு ஆட்டங்களில், சுமார் நூறு நடுவர்கள் அதை மாட்டினார்கள். விசாரணை நடந்தால் படமே சாட்சி. திரும்பத் திரும்ப நடுவரைத் துன்புறுத்தும் குழுவின் புள்ளியைக் குறைக்கும் விதியும் வந்தது. 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில், நடுவரோடு பேசும் உரிமை குழுத் தலைவருக்கு மட்டும் என்றார்கள். மற்றவன் ஓடி வந்தால் மஞ்சள் அட்டை. பெரிய ஆட்டங்களில் நடுவரைச் சுற்றி வளைக்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தானே நம் பையன்களும் கற்றுக்கொள்கிறார்கள்!

கேமரா நல்லதுதான். ஆனால் மனிதனை மனிதனிடமிருந்து காப்பாற்றக் கேமரா வேண்டியிருக்கிறதே என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நம் திடலில்

1974ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் போலந்தும் ஹைத்தியும் மோதின. போலந்து ஏழு கோல் போட்டது. அந்த ஆட்டத்துக்கு ஊதியவர் யார் தெரியுமா? சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா. நம் பேர் கொண்ட ஒருவர் உலகக் கிண்ணத் திடலின் நடுவில் நின்றார். அந்த நாளில் அவரும் ஏதோ ஓர் ஊரில் ஒரு சின்ன ஆட்டத்துக்கு ஊதித்தான் தொடங்கியிருக்க வேண்டும். அன்று யாராவது அவரைத் திட்டி விரட்டியிருந்தால்?

இன்று தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போன பிள்ளைகளும் ஆடட்டும். ஆடும் அத்தனை பேரும் நாட்டுக் குழுவுக்குப் போக முடியாது. ஆனால் சட்டம் படித்து, உடம்பைப் பேணி, ஊதல் பிடித்து மேலே போக நூறு பேருக்கு இடம் இருக்கிறது. ஆட்டக்காரனுக்கு முப்பத்தைந்து வயதில் முடிந்துவிடும் வாழ்வு நடுவருக்கு அப்போதுதான் முதிரும். இது பெண் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும் வழி. மாநிலக் காற்பந்துச் சங்கத்தில் நடுவர் பயிற்சி எப்போது என்று விசாரித்து, ஆர்வமுள்ள இரண்டு பிள்ளைகளை அனுப்பி வைப்பது ஒவ்வோர் இளைஞர் மன்றமும் செய்யக்கூடிய காரியம்.

கிண்ணம் நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிண்ணத்துக்கும் கூடாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டும்போது நடுவரின் படிக்காசை முதல் செலவாக எழுதுங்கள். "அப்புறம் தர்றோம் அண்ணே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். கூலி தாமதமானால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? நிழலில் ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், உடை மாற்ற ஓர் இடம் கொடுங்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு குழுத் தலைவர்களையும் அழைத்து, நடுவரிடம் பேசுவது நீங்கள் இருவர் மட்டும் என்று சொல்லிவிடுங்கள். புதிய சட்டம் ஏதாவது வந்திருந்தால் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் அவரையே பேச விடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகன் பார்க்கிறான். நடுவரை நீங்கள் என்ன சொல்லி ஏசுகிறீர்களோ, அதையே நாளைக்கு ஆசிரியரைப் பார்த்தும் மண்டோரைப் பார்த்தும் அவன் சொல்வான். கடைசியில் உங்களைப் பார்த்தும் சொல்வான்.

நடுவர் தப்பே செய்ய மாட்டார் என்று நான் சொல்லவில்லை. செய்வார். ஓடிக்கொண்டே பார்ப்பவர், ஒரு கண் மறைந்தால் மறைந்ததுதான். ஆட்டக்காரன் காலி கோலுக்கு மேலே உதைத்தால் "பரவாயில்லை தம்பி, அடுத்தது பார்க்கலாம்" என்கிறோம். அந்த ஒரு வார்த்தையை நடுவருக்கும் மிச்சம் வைக்கலாம்.

நோய் போய்விட்டது. திடலில் புல் வெட்டியாகிவிட்டது. பையன்கள் வந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் திடலில் ஆட்டம் இருந்தால், முடிந்த பிறகு அந்தக் கறுப்புச் சட்டைக்காரரிடம் போய், வென்றாலும் தோற்றாலும், "நன்றி அண்ணே, அடுத்த வாரமும் வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.